முதுகுக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு எடுக்கும் தண்டுவட எம்.ஆர்.ஐ.: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுகெலும்பு சரியாக மூடாமல், தண்டுவடமும் அதன் உறையும் வெளியே பிதுங்கிய நிலையில் சில குழந்தைகள் பிறக்கின்றன. டிஸ்சார்ஜ் தாளில் இதை மைலோமெனிங்கோசீல் என்றோ ஸ்பைனா பைஃபிடா என்றோ எழுதியிருப்பார்கள். வீட்டில் முதுகுக் கட்டி என்றுதான் சொல்கிறோம். பெரும்பாலும் பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆபரேஷன் செய்து மூடிவிடுவார்கள். அதற்குப் பல வருஷம் கழித்து, "தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்" என்று டாக்டர் எழுதித் தரும்போதுதான் பெற்றோருக்குப் பயம் வருகிறது.

நான் பெங்களூரில் ரேடியாலஜி டாக்டர். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும், ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்களும் ஸ்கேன் அறைக்கு வெளியே என்னிடம் கேட்பவை இவை. உங்கள் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரின் முடிவுக்கு இது மாற்று கிடையாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்களே, ஆறு வருஷம் கழித்து எதற்கு ஸ்கேன்?

அந்த ஆபரேஷன் திறந்திருந்த இடத்தை மூடியது, கிருமி உள்ளே போகாமல் தடுத்தது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட நரம்புகளை அதனால் மீட்டுத் தர முடியாது. புண் ஆறும்போது தண்டுவடம் அந்தத் தழும்போடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கருவின் ஆரம்பத்தில் தண்டுவடமும் முதுகெலும்பும் ஒரே நீளம். பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடத்தின் நுனி மேலே ஏறிக்கொண்டே போகும். பிறந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் அது பெரியவர்களுக்கு இருக்கும் இடத்துக்கு, அதாவது முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்துக்கு வந்துவிடும். முதுகுக் கட்டியோடு பிறந்த குழந்தைக்கு அந்த நுனி இடுப்பின் அடிப்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளை வளர வளரத் தண்டுவடம் இழுபடுகிறது, அதற்குப் போகும் ரத்தமும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் குறைகின்றன. நேற்றுவரை வேலை செய்த நரம்பு மெல்லத் தளர ஆரம்பிக்கிறது. உயரம் கூடும் பள்ளி வயதிலும், வயதுக்கு வரும் பருவத்திலும் இதை அதிகம் பார்க்கிறோம்.

ரிப்போர்ட்டில் "டெதர்டு கார்டு" (தண்டுவடம் ஒட்டிக்கொண்டிருப்பது) என்று எழுதியிருக்கிறது. மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். முதுகுக் கட்டி மூடப்பட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருடைய எம்.ஆர்.ஐ.யிலும் தண்டுவடம் தாழ்ந்து, தழும்புக்கு அருகே ஒட்டியபடிதான் தெரியும். ஓடி விளையாடும் பிள்ளைக்கும் அப்படித்தான், மோசமாகிவரும் பிள்ளைக்கும் அப்படித்தான். இவர்களில் சுமார் 10 முதல் 30 சதவீதம் பேருக்குத்தான் வளரும் காலத்தில் அந்த ஒட்டல் தொந்தரவாக மாறுகிறது.

அதனால் படத்தை மட்டும் பார்த்து எந்த நியூரோசர்ஜனும் கத்தி எடுப்பதில்லை, எடுக்கவும் கூடாது. முன்பு முடிந்தது இப்போது முடியாமல் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் என் கம்ப்யூட்டர் திரையில் இல்லை, உங்களிடம் இருக்கிறது. மாற்றம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதற்குக் காரணம் என்ன, எந்த இடத்தில், சரிசெய்யக் கூடியதா என்று சொல்வதற்கு எம்.ஆர்.ஐ.யை விட்டால் நல்ல வழி இல்லை. ஸ்கேன் கோரிக்கைத் தாளில் வெறுமனே "பழைய ஆபரேஷன்" என்று இருந்தால் என்னால் எழுத முடிவது பாதி ரிப்போர்ட்தான். "மூன்று மாதமாக இடது கால் இழுக்கிறது" என்று ஒரு வரி இருந்தால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அப்படியானால் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நடை. நன்றாக நடந்த பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுவது, மாடிப்படி ஏறத் தயங்குவது, ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்வது, பாதம் உள்பக்கம் திரும்புவது, காலுக்குப் போட்ட ஸ்ப்ளிண்ட் திடீரென்று பொருந்தாமல் போவது. கால் விறைப்பது புதிதாக வந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்தது சிறுநீர். நடையைவிட முன்னதாகவே எச்சரிக்கை தருவது பல நேரம் இதுதான், பெற்றோர் கடைசியாகச் சொல்வதும் இதைத்தான். ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுக்கும் பிள்ளை, நான்கு மணி நேரம் நனையாமல் இருந்தது போய் இரண்டு மணி நேரத்திலேயே நனைகிறதா? காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறதா? மலச்சிக்கல் கூடியிருக்கிறதா? பெண் பிள்ளை வளர்ந்துவிட்டாள், வெளியே சொல்ல வெட்கம் என்று அம்மாக்கள் மறைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். சிறுநீர்ப் பையின் அழுத்தம் கூடினால் சிறுநீரகம் சேதமாகும், அந்தச் சேதம் வலியில்லாமல் வரும். பிள்ளை நன்றாக இருக்கும்போதே, சிறுநீர்ப் பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை செய்து வைத்திருந்தால், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பிறகு முதுகு வலி, காலுக்கு இறங்கும் வலி, ஒரு பக்கமாக வேகமாக வளையும் முதுகெலும்பு. கை பலவீனமாவது, எழுத்து கோணலாவது, பொருளைப் பிடிக்க முடியாமல் நழுவவிடுவது ஆகியவை கழுத்துப் பகுதித் தண்டுவடத்தையோ மூளையின் அடிப்பகுதியையோ பார்க்கச் சொல்லும் அறிகுறிகள்.

மாதம் ஒரு முறை பிள்ளை நடப்பதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில். ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு வீடியோ, பத்து நிமிஷம் பேசுவதைவிட டாக்டருக்கு உதவும்.

எம்.ஆர்.ஐ.யில் நீங்கள் என்னதான் தேடுகிறீர்கள்?

தண்டுவடம் எங்கே முடிகிறது, எதோடு ஒட்டியிருக்கிறது என்பது முதல். சாதாரணமாக அதைச் சுற்றி நீர் இருக்கும். முதுகுப் பக்கம் நீரே இல்லாமல் தழும்போடு அழுந்தியிருந்தால் குறித்துக்கொள்வோம். சந்தேகம் இருந்தால் குப்புறப் படுக்கவைத்தும் சில படங்கள் எடுப்பதுண்டு. ஒட்டாத தண்டுவடம் வயிற்றுப் பக்கமாகச் சரியும், ஒட்டியது நகராது.

இரண்டாவது, தண்டுவடத்துக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும் சிரிங்ஸ். இது இந்தப் பிள்ளைகளில் பலருக்கும் இருக்கிறது. மெலிதாக, வருஷக் கணக்கில் மாறாமல் இருந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். போன படத்தைவிடப் பெருத்திருந்தால், நீண்டிருந்தால் கதை வேறு. முதுகு வேகமாக வளைவதற்கும் கை பலவீனத்துக்கும் இது காரணமாகலாம். இது ஏன் பெருக்கிறது என்பதற்கு மூளை வரைக்கும் போய்ப் பார்க்க வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாவது, டெர்மாய்டு, எபிடெர்மாய்டு கட்டிகள். தோலின் சிறு துணுக்கு உள்ளே தங்கி, வருஷக் கணக்கில் மெல்ல வளர்வது. பிறவியிலேயே இருந்திருக்கலாம், மூடும்போது உள்ளே மாட்டியிருக்கலாம். புற்றுநோய் கிடையாது, ஆனால் இடத்தை அடைத்து நரம்பை அழுத்தும். உடைந்தால் மூளை உறையில் அழற்சி, கிருமி சேர்ந்தால் சீழ். எபிடெர்மாய்டு வழக்கமான படங்களில் சுற்றியுள்ள நீரின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும். டிஃப்யூஷன் என்ற வரிசையில் எடுத்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அந்த வரிசை எடுக்காத பழைய ஸ்கேனை வைத்துக்கொண்டு "கட்டி இல்லை" என்று நிம்மதி அடைய முடியாது. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கொழுப்புக் கட்டியோடு பிறந்து, அதன் பெரும்பகுதியை எடுத்திருந்தால், மிச்சம் இருக்கும் கொழுப்பு உடம்பின் மற்றக் கொழுப்பைப் போலவே பிள்ளையோடு சேர்ந்து வளரும். அதனால் பிள்ளையின் எடையையும் கேட்போம்.

சிலருக்குத் தண்டுவடம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் எலும்பு முள்ளோ நாரோ இருக்கும். இது பழைய தழும்புக்கு மேலேயும் இருக்கலாம் என்பதால் முழு முதுகையும் படம் எடுப்பதுதான் என் விருப்பம், இடுப்பை மட்டும் எடுத்து அனுப்புவது போதாது. அப்புறம், நீர்ப்பை போன்ற அராக்னாய்டு சிஸ்ட், உறை மூடிய இடம் இறுகித் தண்டுவடத்தை நெரிப்பது, ரத்தம் குறைந்து ஓரிடத்தில் தண்டுவடம் நூல் மாதிரி மெலிந்திருப்பது. கடைசியாகச் சொன்னதை ஆபரேஷனால் திருப்ப முடியாது. ஒட்டலை விடுவித்தாலும் பலன் கிடைக்காது என்று முன்கூட்டியே தெரிவதும் ஒரு முக்கியமான தகவல்தான்.

பிரச்சினை முதுகில், தலைக்கு ஏன் ஸ்கேன்?

இந்தப் பிள்ளைகளுக்கு முதுகும் மூளையும் ஒரே நீரோட்டத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு மூளையின் பின்பகுதி கழுத்துக்குள் இறங்கியிருக்கும், அதற்குக் கியாரி 2 என்று பெயர். பலருக்குத் தலையில் நீர் சேர்ந்து, அதை வடிக்கும் ட்யூபான ஷண்ட் வைத்திருப்பார்கள். கருவிலேயே ஆபரேஷன் செய்வதையும் பிறந்த பிறகு செய்வதையும் ஒப்பிட்டு 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்த பிறகு மூடப்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் பேருக்கு ஒரு வயதுக்குள் ஷண்ட் தேவைப்பட்டது, கருவிலேயே மூடப்பட்டவர்களில் 40 சதவீதம்.

ஷண்ட் அடைத்தால் நீர் தண்டுவடத்துக்குள் தள்ளப்பட்டு சிரிங்ஸ் பெருக்கும், கால் பலவீனமாகும், சிறுநீர் கெடும். பார்ப்பதற்கு ஒட்டல் இறுகியது போலவே இருக்கும். ஆகவே புதிதாக மோசமாகும் எந்தப் பிள்ளைக்கும் முதலில் ஷண்ட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. அதைப் பார்க்காமல் முதுகைத் திறப்பது சரியல்ல.

தலைவலி, வாந்தி, மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருப்பது, கண் கீழ்நோக்கிச் சரிவது, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைப்பது, மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம், பால் விழுங்கும்போது புரையேறுவது, மூச்சு நின்று நின்று வருவது: இதில் எது வந்தாலும் எம்.ஆர்.ஐ. தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். ஷண்ட்டுக்காக மட்டும் என்றால் சில நிமிஷத்தில், மயக்க மருந்தே இல்லாமல் எடுக்கும் வேக எம்.ஆர்.ஐ. இருக்கிறது.

உடம்புக்குள் ஷண்ட், முதுகில் கம்பி இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் என்ன மாடல் என்று தெரியாமல் உள்ளே அனுப்ப மாட்டோம். ஷண்ட் வைத்தபோது கொடுத்த அட்டையோ ஸ்டிக்கரோ இருந்தால் கொண்டுவாருங்கள். வெளியிலிருந்து காந்தத்தால் அழுத்தத்தை மாற்றும் வால்வு என்றால், சில மாடல்களில் ஸ்கேன் முடிந்ததும் அளவு மாறியிருக்கிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். அதற்கான ஆளும் கருவியும் அன்று இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வளைவுக்குக் கம்பி போட்டிருந்தால் அந்த இடத்தில் படம் கலைந்துதான் வரும். டைட்டானியம் என்றால் குறைவாக, ஸ்டீல் என்றால் அதிகமாக. காந்தத்தால் நீளும் வகைக் கம்பி என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பார்களா? ஆபத்தா?

மூளையும் முழு முதுகும் எடுக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கொஞ்சம் அசைந்தாலும் படம் வீண். சின்னக் கைக்குழந்தையைப் பால் கொடுத்து, துணியில் இறுக்கச் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிடலாம். ஒரு வயதிலிருந்து ஐந்தாறு வயது வரை பெரும்பாலும் மயக்கம் தேவைப்படும். அதற்கு மேல், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் விழித்தபடியே கிடக்கும் பிள்ளைகள் நிறைய. மெஷின் சத்தத்தை ஃபோனில் முன்னாடியே போட்டுக் காட்டுங்கள்.

வெறும் வயிற்று விதி: திட உணவும் பவுடர் பாலும் மாட்டுப் பாலும் 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். பிஸ்கட்டும் திட உணவுதான். பாட்டி பாவம் பார்த்து ஒரு பிஸ்கட் கொடுத்ததால் அன்றைய ஸ்கேன் தள்ளிப்போன குடும்பங்கள் உண்டு, ஓசூர் தாண்டி வந்தவர்களுக்கு அது ஒரு நாள் கூலி.

லேட்டெக்ஸ் ஒவ்வாமையைச் சொல்ல மறக்காதீர்கள். சிறு வயதிலிருந்தே ரப்பர் கையுறை, ட்யூப் என்று பழகுவதால் இந்தப் பிள்ளைகளுக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் போவது மிக அதிகம். பலூன் ஊதியபோது உதடு வீங்கியதா, வாழைப்பழமோ கிவியோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா? மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் "முதுகுக் கட்டிக் குழந்தை, ரப்பர் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

கலர் ஊசி போட வேண்டுமா?

ஒட்டலையும் சிரிங்ஸையும் பார்க்க அது தேவையில்லை. சீழ், தொற்று, கட்டி என்று சந்தேகம் வந்தால்தான் கடோலினியம் ஊசி. அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். இதில் ஒரு சிக்கல்: சிறுநீரகத்தைப் பார்க்க வழக்கமாக ரத்தத்தில் அளப்பது கிரியேட்டினின், தசையிலிருந்து வரும் கழிவு. கால் தசை மெலிந்த பிள்ளைக்கு அது இயல்பாகவே குறைவாக இருக்கும், சிறுநீரகம் கெட்டிருந்தாலும் ரிப்போர்ட் "நார்மல்" காட்டும். சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனை இவர்களுக்கு நம்பகமானது. கேட்டுப் பாருங்கள்.

ஸ்கேன் அன்று வேறு என்ன செய்ய வேண்டும்?

உள்ளே போகும் முன் ட்யூப் போட்டுச் சிறுநீர் எடுத்துவிடுங்கள். உலோகம் உள்ள ஸ்ப்ளிண்ட், ஜரிகை வைத்த பாவாடை, கொலுசு, அரைஞாண் கொடியில் தொங்கும் தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். தாயத்தைக் கழற்ற மனம் வராத பாட்டிமார்களை எனக்குத் தெரியும், வெளியே கையில் வைத்துக்கொண்டு வேண்டிக்கொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத காலில் சூடு பட்டாலும் அழுத்தினாலும் பிள்ளைக்குத் தெரியாது. காலுக்கும் மெஷின் சுவருக்கும் நடுவே மெத்தை வைக்கச் சொல்லுங்கள், வெளியே வந்ததும் குதிகாலையும் பின்பக்கத்தையும் பாருங்கள்.

சி.டி. ஸ்கேனோ அல்ட்ராசவுண்டோ போதாதா?

பிறந்த முதல் சில மாதங்களுக்கு அல்ட்ராசவுண்ட் நன்றாகக் காட்டும், பிறகு எலும்பு மறைத்துவிடும். எலும்பு முள்ளைப் பார்க்க சி.டி. சிறந்தது. தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. மட்டும்தான், அதில் கதிர்வீச்சும் இல்லை.

வருஷா வருஷம் எடுக்க வேண்டுமா?

மாற்றம் ஏதும் இல்லாத பிள்ளைக்கு அப்படித் தேவையில்லை என்பது என் கருத்து. நன்றாக இருக்கும்போது எடுத்த ஒரு படம் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் இருக்க வேண்டும், பிறகு மாற்றம் வரும்போது எடுத்தால் போதும். வருஷம் தவறாமல் வேண்டியது டாக்டரின் நேரடிப் பரிசோதனையும் சிறுநீரக அல்ட்ராசவுண்டும்.

பெங்களூரில் எங்கே போவது?

அரசு தரப்பில் நிம்ஹான்ஸும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் ஓசூர் சாலைப் பக்கம் அருகருகே இருக்கின்றன. நியூரோசர்ஜரி ஓரிடத்தில், குழந்தை மருத்துவம் பக்கத்தில் என்று அலைச்சல் குறைகிறது. கோரமங்கலாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார் இரண்டும் அசலாகக் கொண்டுவாருங்கள். தமிழ்நாட்டுக் கார்டுக்கும் கர்நாடகக் கார்டுக்கும் கிடைக்கும் சலுகை ஒன்றாக இருக்காது, பதிவு நாளன்றே சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். 2013-ல் தொடங்கிய, குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் இந்தப் பிறவிக் குறையும் அடக்கம், 18 வயது வரை. உங்கள் மாவட்ட மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்பினால் செலவு மிச்சமாகலாம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓ.பி.யில் இருக்கும் இளம் டாக்டர் கன்னடமோ இந்தியோ பேசுவார். நெரிசலில், அரைகுறைக் கன்னடத்தில், முக்கியமான விஷயம் விட்டுப்போகிறது. எது எப்போது மாறியது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, படித்துச் சொல்ல வார்டில் யாராவது கிடைப்பார்கள். பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்தால் ஒப்பிட முடியாது, ஃபிலிமை மடிக்காதீர்கள்.

ஒட்டலை விடுவிக்கும் ஆபரேஷன் முடிந்தது. புது ஸ்கேனிலும் "தாழ்ந்த தண்டுவடம்" என்றே வருகிறது. தோல்வியா?

இல்லை. விடுவித்த பிறகும் தண்டுவடம் மேலே ஏறிப் போய்விடாது, படம் ஏறக்குறைய பழைய மாதிரியே இருக்கும். வலி குறைந்ததா, நடை மோசமாவது நின்றதா, சிறுநீர் தாங்குகிறதா என்பதில்தான் வெற்றி. வலி பெரும்பாலும் நன்றாகக் குறைகிறது. சிறுநீர் பழையபடி திரும்புவது அவ்வளவு உறுதியில்லை, அதனால்தான் சீக்கிரம் வரச் சொல்கிறேன். சில மாதம் கழித்து ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வைப்பது நல்லது, ஏனென்றால் மறுபடி ஒட்டுவதும் உண்டு.

அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா?

வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் தடுக்க வழி இருக்கிறது. முதுகு மூடுவது கருத்தரித்த நான்கு வாரத்துக்குள், பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில். அதனால் கருத்தரிக்கும் முன்பே, குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து, அதிக அளவு ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். ஏற்கெனவே இப்படிக் குழந்தை பெற்றவர்களுக்குத் தினம் 4 மில்லிகிராம் என்பது கணக்கு. 1991-ல் வெளியான ஆய்வில் மறுபடி வருவதை இது சுமார் 70 சதவீதம் குறைத்தது. டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள்.

பிள்ளைக்கு 18 வயதாகிவிட்டது. இனி கவலையில்லையா?

வளர்ச்சி நின்றதும் ஆபத்து குறைகிறது, தீர்ந்துவிடுவதில்லை. பெரியவர்களுக்கும் ஒட்டல் தொந்தரவு வரும், அவர்களிடம் வலியும் சிறுநீர் மாற்றமும்தான் முன்னால் தெரியும். குழந்தைகள் மருத்துவமனையில் இனிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் பலர் அத்தோடு பின்தொடர்வதையே விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போய், கல்யாணமாகி, முப்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கிய நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. 17 வயதிலேயே பெரியவர்களைப் பார்க்கும் நியூரோசர்ஜரி, யூராலஜி பிரிவுகளில் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஃபைலைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது, என்ன மாறினால் யாரிடம் போக வேண்டும் என்று அவர்களே சொல்லும் அளவுக்குப் பழக்குங்கள்.